கைப்பையில் போன மைசூர் சில்க்

சென்ற ஆண்டு நானும் என் கணவரும் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பேத்திக்குப் பள்ளி விடுமுறை. எல்லோருமாகப் புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்பினோம். 1971-ல் திறந்த இடம். ஒன்றல்ல, நான்கு பெரிய பூங்காக்கள். சுற்றிப் பார்க்க நான்கு நாள் போதவில்லை!

மூன்றாவது நாள் எங்கள் 40-வது கல்யாண நாள். பூங்காவுக்கு வெளியே ஒரு பெரிய ஓட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு மகள் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தாள். அன்று காலையில் நான் பெட்டியிலிருந்து புடவையை எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மா, புடவை வேணாம்மா. அங்கெல்லாம் டிரஸ் கோட் இருக்கு. என் பேண்ட் ஒண்ணு தர்றேன், போட்டுக்க."

எனக்குச் சுருக்கென்றது. 40 வருஷமாகக் கட்டும் புடவை, பெற்ற பெண்ணுக்கே அவமானமாகிவிட்டதா? வாய் திறக்கவில்லை. பேசாமல் சுடிதாரை மாட்டிக்கொண்டேன். ஆனால் மைசூர் சில்க் ஒன்றைத் தலையணை உறைக்குள் சின்னதாக மடித்து, நாலு ஊக்குகளோடு கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

பகலில் சுடிதார்தான் வசதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெயிலில் காலையிலிருந்து நடை, வரிசை, ராட்டினம். ஏறி இறங்கும்போது புடவைத் தலைப்பு எதிலாவது மாட்டினால் ஆபத்து. துப்பட்டாவைக்கூடக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மாலையில் அறைக்குத் திரும்ப நேரமில்லை. அப்படியே ஓட்டலுக்குப் போனோம். நான் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து முகம் கழுவி, பத்தே நிமிடத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "புடவை ரொம்ப அழகாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி உள்ளே கை காட்டினாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, மெதுவாக ஏதோ சொன்னாள். விஷயம் என்னவென்றால், அவர் போட்டிருந்தது கையில்லாத பனியன்! பாவம், கீழே இருந்த கடைக்கு ஓடி, 60 டாலர் கொடுத்து காலர் வைத்த சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். "அத்தை, அடுத்த தடவை எனக்கும் சேர்த்து ஒரு சட்டையைப் பையில வச்சிடுங்க" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "2021-ல டெல்லியில ஒரு ரெஸ்டாரண்ட்ல புடவை கட்டினவங்களை உள்ள விடலைன்னு செய்தி வந்துச்சேம்மா. கல்யாண நாளும் அதுவுமா உன்னை வாசல்ல நிறுத்திட்டா என்னால தாங்க முடியாதும்மா. அதான் அப்படிச் சொன்னேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை, எனக்காகப் பயந்திருக்கிறாள்! காலையிலேயே வாய் திறந்து கேட்டிருந்தால் நாளெல்லாம் மனசுக்குள் குமைந்திருக்க வேண்டாம்.

என் கணவர் சும்மா இருப்பாரா? "டெல்லி என்ன, நம்ம சென்னையிலேயே 2014-ல வேட்டி கட்டிப்போன ஹைகோர்ட் ஜட்ஜை ஒரு கிளப்ல உள்ள விடலையே! அப்புறம்தானே சட்டமே வந்துச்சு" என்றார். உண்மைதான். வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டு நம் சட்டசபையில் சட்டம் போட வேண்டியிருந்தது. நம் உடைக்கு நம் ஊரிலேயே அந்த நிலைமை என்றால், வெளியூரில் மகள் பயந்ததில் தப்பில்லை.

சகோதரிகளே, பிள்ளைகளோடு இப்படி வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டலில் இடம் பிடிக்கும்போதே உடை விதியையும் கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் அது மாறும். டிஸ்னி பூங்காவுக்குள் சின்ட்ரெல்லா கோட்டையில் இருக்கும் உணவகத்துக்கு ஊர் சுற்றிய உடையோடேயே போகலாம். அங்குள்ள விடுதிகளின் உயர்தர உணவகங்களில் நீச்சலுடை கூடாது. உடை சுத்தமாக, நல்ல நிலையில் இருக்க வேண்டும். 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்' என்ற உணவகத்தில் விருந்துக்கான உடை கட்டாயம். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை.

பகலுக்குச் சுடிதாரும் ஷூவும். இரவுக்குக் கசங்காத புடவை ஒன்று, நாலு ஊக்கு. வீட்டு ஆண்களுக்கு ஒரு காலர் சட்டையையும் மறக்காதீர்கள். 60 டாலர் மிச்சம்!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்