தொப்புள்கொடி ரத்தம்: சேமிக்கலாமா, கொடுக்கலாமா?

எடிசனில் மனைவிக்கு வளைகாப்பு முடிந்த வாரம், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு தனியார் வங்கியின் விளம்பரம் தபாலில் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "குழந்தைக்குத்தானே மாப்பிள்ளை, பணத்தைக் கட்டிடுங்க" என்றார். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, கையெழுத்துக்கு முன் படிக்க உட்கார்ந்தேன்.

இந்த ரத்தத்தில் புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1988ல் பாரிசில் எலியான் க்ளக்மன் குழுவினர், ஃபேன்கோனி ரத்தசோகை இருந்த அமெரிக்கச் சிறுவனுக்கு, அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திக் குணப்படுத்தினார்கள். அதுதான் முதல் முறை. கவனிங்க, தங்கையுடைய ரத்தம்! பிறவிக் கோளாறு என்றால், சொந்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்குமே.

சேகரிப்பது எளிது. கொடியை வெட்டியதும் அதன் ரத்தக்குழாயில் ஊசி குத்தி, தாழ்வாக வைத்த பையில் வடிய விடுகிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் வலியில்லை. ஆனால் கிடைப்பது பெரும்பாலும் 100 மில்லிக்கும் குறைவு. பெரியவர்களுக்குப் பல சமயம் போதாது. அதனால் இரண்டு பைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தயாரிக்கும் ஒமிசர்ஜுக்கு 2023 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. அனுமதியும் கிடைத்தது.

கொடியைச் சீக்கிரம் வெட்டினால் பை நிறையுமே? நிறையும். ஆனால் அது குழந்தைக்குப் போகவேண்டிய ரத்தம், இரும்புச் சத்து. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 விநாடியாவது காத்திருக்க வேண்டும், சேமிப்பதற்காக அதைக் குறைக்கக் கூடாது என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. எதிர்காலக் காப்பீடாகத் தனியார் வங்கியில் சேமிப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை. மூத்த பிள்ளைக்கு லுக்கேமியா, தலசீமியா போல ஏதாவது இருந்தால் கதை வேறு; அப்போது அவசியம் டாக்டரிடம் பேசுங்கள்.

பொது வங்கிக்குக் கொடுத்தால் செலவில்லை, யாருக்காவது உதவும். என்.எம்.டி.பி. பதிவேட்டில் முழுப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79%, ஆசியருக்கு 47% தான். தொப்புள்கொடி ரத்தத்துக்கு அவ்வளவு கச்சிதமான பொருத்தம் தேவையில்லை என்பதால், நம்மவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு பையும் முக்கியம். ஆனால் எல்லா மருத்துவமனையிலும் வாங்க மாட்டார்கள். ஏழாம் மாதமே கேட்டுவிடுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை. நானும் மனைவியும் கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்த்து அனுப்பி, கொடையாளர்களாகப் பதிந்துகொண்டோம். மகள் பிறந்தபோது டாக்டர் முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தார். "அவ ரத்தம் அவளுக்கே போயிடுச்சு, செலவுமில்லை" என்று மாமியாருக்கும் திருப்தி.