கணையத்தில் கட்டியா? பெயர் தெரியாமல் கலங்காதீர்கள்!



கண் மஞ்சளானால் நம் லயத்தில் முதலில் எழும் பேச்சு என்ன? “காமாலைதான், கீழாநெல்லியை அரைச்சுக் குடி, சரியாப் போயிடும்!” இப்படியே வாரங்கள் ஓடும். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாயும், சோறு இறங்காது, உடுப்பு தொளதொளக்கும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி நினைவு வரும். இந்தத் தாமதம் வேண்டாம்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் உள்ள உறுப்பு. உணவைச் செரிக்க வைக்கும் நீரும் இன்சுலினும் அங்கே சுரக்கின்றன. அதன் தலைப்பக்கம் கட்டி வளர்ந்து பித்தக் குழாயை நெருக்கினால் கண் மஞ்சளாகும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்ததும், “புத்துநோயாம், இனி என்ன இருக்கு?” என்று வீடே இடிந்து போகிறது. பொறுங்கள்! கணையக் கட்டிகள் எல்லாம் ஒரே ரகமல்ல. நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக, லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் அங்கே தோன்றுவதுண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம், வைத்தியமோ வேறு. வழக்கமான கணையப் புற்றை, முடிந்தால், ஆபரேஷன் செய்து அகற்றுவார்கள். லிம்ஃபோமாவுக்குப் பெரும்பாலும் அந்தப் பெரிய ஆபரேஷன் தேவையில்லை. மருந்திலேயே கரைந்து, குணமானவர்கள் பலர்.

எப்படிக் கண்டறிவது? வாய்வழியே குழாய் விட்டு, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையோடு ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். “சதை எடுத்தா நோய் பரவிடும்” என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். நோயின் பெயர் தெரியாமலிருப்பதே பெரிய ஆபத்து. “டாக்டர், இது எந்த வகைன்னு ஊசி வச்சுப் பார்த்தாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

லிம்ஃபோமாவில் அதிகம் காணப்படும் வகைக்கு, ஐந்து மருந்துகள் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சையை 21 நாளுக்கு ஒருமுறை, வழக்கமாக 6 தடவை கொடுப்பார்கள். அவற்றில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து கிடைத்தது. அதற்காகச் செடியைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்! சிகிச்சை நாட்களில் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“படுத்துட்டா சம்பளம் போயிடுமே” என்கிறீர்களா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

கண் மஞ்சளா? காரணமின்றி எடை குறைகிறதா? பெரட்டுக்குப் போகும் முன் கிளினிக்குக்குப் போங்கள். போன சம்பளத்தைச் சம்பாதிக்கலாம். போன உயிரைச் சம்பாதிக்க முடியாது!