நால்வர் ஆடும் சுவர்ப்பந்து



கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் பெரியகல்லாற்றில் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு, வழியை மறிப்பதே அவ்வாட்டத்தின் உயிர் என்பது தெரியும். ஸ்குவாஷ் என்னும் சுவர்ப்பந்தாட்டத்திலோ வழி விடுவதே விதியாகும்.

இதில் இரு தரப்பையும் பிரிக்க வலை கிடையாது. ஓர் அறைக்குள் நின்று, முன்சுவரில் படுமாறு பந்தை அடிக்கிறார்கள். ஒற்றையர் அரங்கின் அகலம் 6.4 மீற்றர். இரட்டையருக்கு அதைவிட அகன்ற அரங்கு வேண்டும். நான்கு மட்டைகள் சுழலும் இடமல்லவா? எதிரி பந்தை அணுகும் வழியை மறித்தால், நடுவர் மீண்டும் ஆடச் சொல்வார். அன்றேல் எதிரிக்குப் புள்ளி அளிப்பார்.

மேசைப்பந்து இரட்டையரில் இணைவர் மாறி மாறி அடித்தல் வேண்டும். இங்கோ இருவரில் எவரும் அடிக்கலாம். ஆகவே நடுவே வரும் பந்து யாருடையது என்பதை முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்றனர். 2022இல் அதே நகரில் உலக இரட்டையர் பட்டத்தையும் பெற்றனர். இத்தகைய வெற்றி, நெடுநாள் சேர்ந்து ஆடியவர்க்கே கைகூடும்.

கழகப் போட்டிக்குப் பெயர் கொடுக்க எண்ணும் அன்பர்கள், வலிய துணையைக் காட்டிலும் பழகிய துணையைத் தேடுக. கண்காப்புக் கண்ணாடியையும் மறவற்க. பந்தின் விட்டம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றரே. அது கண்குழியைத் தாக்கக்கூடிய அளவு. தோற்ற ஆட்டத்தை மறுநாள் வெல்லலாம். இழந்த கண்ணை மீட்க இயலாது.