பழுப்பு முட்டைக்கு ஏன் கூடுதல் விலை?

மளிகைக் கடையில் ஒரு பக்கம் நாமக்கல் பண்ணை முட்டை டிரேக்கள், மறு பக்கம் நாட்டு முட்டைக் கூடை. வெள்ளையைவிடப் பழுப்புக்கு விலை கூடுதல். ஆனாலும் கர்ப்பிணிக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பழுப்பைத்தான் தேடிப் பிடித்து வாங்குகிறோம். வெள்ளை முட்டைக்கு டீ டிகாக்‌ஷனில் சாயமேற்றி நாட்டு முட்டை என்று விற்பதாகவும் அவ்வப்போது செய்தி வருகிறது. சாயம் பூசினால் விலை கூடுகிறது என்றால், நாம் காசு கொடுப்பது நிறத்துக்குத்தான். அந்த நிறத்தில் சத்து ஏதும் இருக்கிறதா?

இல்லை. தீவனமும் எடையும் ஒன்றாக இருந்தால், வெள்ளைக்கும் பழுப்புக்கும் புரதத்திலோ கொழுப்பிலோ வைட்டமினிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. கோழியின் வயிற்றுக்குள் முட்டை உருவாகும் வரிசையைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

முதலில் உருவாவது மஞ்சள் கரு. சினைப்பையில் கடைசிப் பத்து நாட்களில்தான் அது மளமளவென்று பெருக்கிறது. அந்த நாட்களில் கோழி தின்றதன் சத்து அதில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. முதிர்ந்த கரு முட்டைக்குழாய்க்குள் விழுந்ததும், சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு அதைச் சூழ்ந்துகொள்ளும். அடுத்த ஒரு மணி நேரச் சொச்சத்தில் மெல்லிய சவ்வுகள் போர்த்தும். நாம் சாப்பிடும் பகுதியின் வேலை அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பிறகு சுமார் 20 மணி நேரம் சுண்ணாம்பு படிந்து ஓடு உருவாகிறது. பழுப்பு நிறத்தின் பெரும்பகுதி ஏறுவது அதன் கடைசிக் கட்டத்தில், முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில். வீடு கட்டி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரிதான் அது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெளிறியிருக்கும். முழு முட்டை ஒன்றை வினிகரில் சிறிது நேரம் போட்டு விரலால் தேய்த்தால், பழுப்பு கழன்று வந்து அடியில் வெள்ளை ஓடு தெரியும்.

அந்தப் பழுப்பு நிறமியின் பெயர் புரோட்டோபார்ஃபிரின். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்க உடல் பயன்படுத்தும் மூலப்பொருள் இது. இரும்பு இதனுடன் சேர்ந்தால்தான் ஹீம். முட்டை ஓட்டில் இருப்பதோ இரும்பு சேராத நிலை. சேர்ந்திருந்தாலும்தான் என்ன, ஓட்டை யார் தின்கிறார்கள்?

நீல நிற முட்டையும் உண்டு. சிலி நாட்டு அரவ்கானா கோழிகளும் சீனாவின் சில இனங்களும் அதை இடுகின்றன. அந்த நிறமி பிலிவெர்டின், அதாவது ஹீம் சிதையும்போது உண்டாகும் பொருள். அடிபட்ட இடம் கன்றிப்போய்ச் சில நாளில் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். எப்போதோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுத் தொகுதிக்குள் விட்டுச்சென்ற துண்டு ஒன்றுதான் ஓட்டில் நீலம் சேரக் காரணம் என்பது 2013இல் தெரியவந்தது.

ஆக, எந்த நிறம் என்பதை முடிவு செய்வது கோழியின் இனம். வெள்ளை லெகார்ன் வழி வந்த பண்ணைக் கோழி வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டை இடும். இறைச்சி வரை கறுத்திருக்கும் கடக்நாத் இடுவதுகூடக் கறுப்பு முட்டை அல்ல, வெளிர் பழுப்புதான். அதிலும் ஒரே கோழிக்கு வயது ஏற ஏற, முட்டை பெரிதாகிப் பழுப்பு வெளிறும். அதற்காகச் சத்து வெளிறிவிடுவதில்லை.

அப்படியானால் நாட்டு முட்டையின் பெருமை வெறும் கற்பனையா? அப்படியும் சொல்ல முடியாது. வெளியே மேய்ந்து, கீரையும் புழு பூச்சியும் கொத்தித் தின்னும் கோழியின் மஞ்சள் கருவில் ஒமேகா-3 கொழுப்பும் சில வைட்டமின்களும் கூடலாம். வெயில் படுவதால் வைட்டமின் டி-யும் கூடும். நாட்டு முட்டை சிறியது, அதில் மஞ்சள் கருவின் பங்கு சற்று அதிகம்; ருசிக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இவை மேய்ச்சலாலும் அளவாலும் வந்தவை. அதே நாட்டுக்கோழியைக் கூண்டில் அடைத்துக் கம்பெனித் தீவனம் போட்டால், ஓடு பழுப்பாகவே இருக்கும், மேய்ச்சலின் பலன் போய்விடும். லெகார்னை மேயவிட்டால் அந்தப் பலன் வெள்ளை முட்டைக்கும் கிடைக்கும்.

மஞ்சள் கருவின் நிறத்தை நம்பியும் ஏமாற வேண்டாம். மக்காச்சோளத்துக்குப் பதில் கம்போ குருணையோ போட்டால் அது வெளிறும். செண்டுமல்லிப் பூவின் நிறமியைத் தீவனத்தில் கலந்தால் ஆரஞ்சாகும். வெளிறிய கருவில் வைட்டமின் ஏ இருக்காது என்றும் நினைக்க வேண்டாம்; அதைப் பண்ணைத் தீவனத்தில் தனியாகவே சேர்க்கிறார்கள்.

விலை கூடுவதற்குக் கணக்கு வேறு. பண்ணை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும், நாட்டுக்கோழி அதில் கால்வாசி இட்டாலே அதிகம். எனவே கூடுதல் காசு கொடுப்பதானால், கோழி முற்றத்தில் மேய்வதைக் கண்ணால் பார்த்த வீட்டில் கொடுங்கள். கூடையில் இருக்கும் முட்டையின் நிறத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். பள்ளிச் சத்துணவில் பிள்ளைக்குக் கிடைக்கும் வெள்ளை முட்டையையும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 6 கிராம் தரமான புரதம் அதில் இருக்கிறது, நாட்டு முட்டையில் இருப்பதைவிட அது குறைவில்லை.