ஈரானின் ‘நூறு இதழ் ரோஜா’... அதட்டாமல் ஜெயித்த இசை!

நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் அறையில் ‘செதார்’ வாசித்தால், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அவ்வளவு மெல்லிய நாதம். அந்த வாத்தியத்தை நம்பி உருவான ஓர் ஆல்பம்தான் ஈரானில் விற்பனையில் பெரும் சாதனை படைத்தது. பெயர் ‘கோலே சத்பர்க்’. நூறு இதழ்கள் கொண்ட ரோஜா என்று பொருள்.

1979-ல் ஈரானில் புரட்சி நடந்தது. வானொலியிலிருந்து பாப் பாடல்கள் மறைந்தன. ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் தனித்துப் பாடத் தடை வந்தது. புகழ்பெற்ற பாடகர்கள் பலர் நாட்டைவிட்டே வெளியேறினார்கள். 1980-ல் இராக்குடன் போர் மூண்டது. அது முடிய எட்டு ஆண்டுகள் ஆயின.

இசையே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட அந்த நாள்களில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. அது பழங்கவிதை. கடவுளைக் காதலோடு தேடிய ரூமியின் வரிகளை யாரால் தள்ளிவைக்க முடியும்?

1980-களின் முதல் பாதியில் அந்தக் கதவு வழியாக இருவர் நுழைந்தார்கள். ஒருவர், கெர்மான்ஷா நகரைச் சேர்ந்த குர்து இனப் பாடகர் ஷஹ்ராம் நாசெரி. இன்னொருவர், செதார் கலைஞர் ஜலால் சொல்ஃபுனூன்.

பாரசீக மொழியில் ‘செ’ என்றால் மூன்று, ‘தார்’ என்றால் தந்தி. நான்காவது தந்தி பிற்காலத்தில் சேர்ந்தது. மேலங்கிக்குள் மறைத்து எடுத்துப்போகலாம், அவ்வளவு சிறியது. வலது ஆள்காட்டி விரலின் நகத்தால்தான் மீட்டுவார்கள். தனக்குத்தானே, அல்லது நெருங்கிய நண்பர்கள் சிலருக்காக வாசிக்கும் வாத்தியம் அது. சொல்ஃபுனூன் பல செதார்களை ஒன்றாக ஒலிக்கவிட்டார். அதன் மேல் உச்சஸ்தாயியில் எழுந்தது நாசெரியின் குரல்.

பாடுபொருளும் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. 13-ம் நூற்றாண்டுக் கவிஞரான ரூமி, தன் உயிர் நண்பர் ஷம்ஸ் திடீரென்று காணாமல்போனதும் கலங்கிப்போனார். பல கவிதைகளைத் தன் பெயருக்குப் பதில் நண்பரின் பெயரைச் சொல்லியே முடித்தார். போர்முனைக்குப் போன பிள்ளைக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு, அந்தத் தவிப்பை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்காது.

கேசட் கைமாறியது. மூலையில் கிடந்த செதாரை இளைஞர்கள் ஆர்வத்தோடு கையில் எடுத்தார்கள்.

சொல்ஃபுனூன் 2012-ல் மறைந்தார். கேசட் காலமும் முடிந்துவிட்டது. ஆனால், இன்றும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்டால், பாட்டுக்கு நடுவே நகம் தந்தியைத் தொடும் ஓசை கேட்கும்.