கூடத்து நாற்காலியில் இருந்தபடியே கடற்கரை! உங்களுக்குத் தெரியுமா?

மறதிநோய் வந்த பெரியவரை வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போவது எவ்வளவு பெரிய பாடு என்பது, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும். சரி, அவர் வெளியே போக முடியாவிட்டால் என்ன? கடலும் காடும் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே வந்துவிட்டால்? வந்துவிட்டன! கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரே ஒரு கருவி போதும். அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக வி.ஆர்.! அதை வைத்து உலகெங்கும் என்னென்ன நடக்கிறது தெரியுமா?

3 நொடிக்கு ஒருவர்!

உலகத்தில் டிமென்ஷியா என்னும் மறதிநோயோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் 5.7 கோடி பேர்! ஆண்டுதோறும் புதிதாகச் சேர்கிறவர்கள் ஏறக்குறைய 1 கோடி. வகுத்துப் பாருங்கள், 3 நொடிக்கு ஒருவர்! இந்தியாவில்? 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேர் என்கிறது ஒரு தேசிய ஆய்வு. அதாவது ஏறக்குறைய 14 பேரில் ஒருவர்! இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது யார்? மருத்துவமனையா? இல்லவே இல்லை, வீடுதான்!

தினமும் 5 மணி நேரம், சம்பளமே இல்லாமல்!

மறதிநோய் உள்ள ஒருவருக்காக வீட்டார் ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 5 மணி! அந்த உழைப்பில் 70 சதவீதம் பெண்களுடையது! 2019-இல் இந்த நோயால் உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறையப் பாதி, மகளும் மருமகளும் மனைவியும் கணவனும் மகனும் சம்பளம் வாங்காமல் கொட்டிய உழைப்பின் மதிப்பு! வீட்டுக்குள் பயன்படும் ஒவ்வொரு சின்ன உதவியும் ஏன் பெரிய சேதி என்று இப்போது புரிகிறதா?

படம் மறந்துபோனது, மகிழ்ச்சி மறக்கவில்லை!

"பார்த்த அடுத்த நிமிடமே மறந்துவிடுவாரே, அவருக்கு எதைக் காட்டி என்ன பயன்?" என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளிவந்த ஆய்வைக் கேளுங்கள்! அல்சைமர் என்னும் மறதிநோய் உள்ளவர்கள் 17 பேர், நோய் இல்லாதவர்கள் 17 பேர். எல்லாருக்கும் சோகக் காட்சிகள், பிறகு மகிழ்ச்சிக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். சற்று நேரத்தில் நோயாளிகளுக்குக் காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில் இல்லை! ஆனால் உள்ளே எழுந்த உணர்வு? அது 30 நிமிடம் வரை போகாமல் நின்றது! நினைவு போனாலும் அது கொடுத்த சந்தோஷம் தங்குகிறது! வி.ஆர். காட்டும் பத்து நிமிடக் கடற்கரைக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டுமா?

கூரையில் தொங்கிய கருவி!

தலையில் மாட்டும் இந்தக் கருவிக்கு வயது என்ன தெரியுமா? 1968-லேயே ஐவன் சதர்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒன்றைச் செய்துவிட்டார்! ஆனால் அது அவ்வளவு கனம், கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! இன்று? மெட்டா குவெஸ்ட் 3 கருவியின் எடை 515 கிராம், அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவுதான்! 2014-இல் கூகுள் இன்னும் ஒரு படி போனது. அட்டையை மடித்து இரண்டு லென்ஸ் வைத்து, செல்போனைச் செருகினால் போதும், வி.ஆர். தயார் என்று காட்டிவிட்டது!

மூளையை நம்பவைப்பது எப்படி?

இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள். மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாக மாற்றிக்கொள்கிறது! தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்து, நொடிப்பொழுதில் காட்சியையும் திருப்பிவிடுகின்றன. இடப்பக்கம் அலை, வலப்பக்கம் மணல், பின்னால் மரங்கள், தலைக்கு மேல் வானம்! டி.வி.யில் கடலைப் பார்க்கலாம். இதிலோ கடற்கரையிலேயே நிற்கலாம்!

சராசரி வயது 80, ஆனாலும் மாட்டிக்கொண்டார்கள்!

வயதானவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா? கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த லோரா ஆப்பல் குழுவினர் 66 பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சராசரி வயது 80! நினைவாற்றல் நன்றாக இருந்தவர்களும் இருந்தார்கள், கடுமையாகக் குறைந்தவர்களும் இருந்தார்கள். 3 முதல் 20 நிமிடம் வரை இயற்கைக் காட்சிகள். பெரிய பக்கவிளைவு எதுவும் இல்லை! மனம் லேசானது, புது இடத்துக்குப் போய்வந்த உற்சாகம் கிடைத்தது என்று சொன்னார்கள். 2020-இல் இந்த முடிவு வெளியானது.

டாக்டர் வேண்டாம், மகளே போதும்!

டொரான்டோ ஆய்வாளர்கள் அதோடு விட்டார்களா? கருவியை வீடுகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள்! வெள்ளைக் கோட்டுப் போட்டவர் யாரும் பக்கத்தில் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்கிறவரே மாட்டிவிடுவார், காட்சியைத் தேர்ந்தெடுப்பார், பேச்சுக் கொடுப்பார். இதில் ஒரு பெரிய வசதி என்ன தெரியுமா? அம்மா கண்ணுக்குள் தெரியும் காட்சியை அப்படியே செல்போனிலோ டி.வி.யிலோ ஓடவிடலாம்! அவர் சிரித்தால் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று மகளுக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கலாம், பேச்சு வளரும்!

கூச்சல் குறைந்தது!

மறதிநோயில் வீட்டாரை மிகவும் நொறுக்குவது மறதி அல்ல, பெரியவருக்கு வரும் கோபமும் பதற்றமும் கூச்சலும்தான்! டொரான்டோவின் மைக்கேல் காரன் மருத்துவமனையில் மறதிநோய் உள்ள உள்நோயாளிகள் 69 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் வி.ஆர்., ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரை. அந்தக் குழுவில் சத்தம் போடுவதும் மூர்க்கமும் குறைந்தன! மாத்திரை இல்லை, ஊசி இல்லை. மரமும் தண்ணீரும் வானமும் காட்டினார்கள், அவ்வளவுதான்!

ஒரு பாலம், ஒரு பயணம்!

இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் பூட்டிய வாயிலுக்குள் இயங்கும் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே மறதிநோய் உள்ள 8 பேர், வயது 41 முதல் 88 வரை. கென்ட் பல்கலைக்கழகத்தார் அவர்களுக்கு 5 இடங்களைக் காட்டினார்கள்: தேவாலயம், காடு, மணல் கடற்கரை, பாறைக் கடற்கரை, கிராமப்புறம்! காட்சியில் ஒரு பாலம் வந்ததும் ஒருவருக்கு என்ன ஆனது தெரியுமா? என்றோ போன ஒரு பயணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது! இன்னொருவர் பிறகு ஓவிய வகுப்பில் கடற்கரைப் படம் வரைந்தார்! 2019-இல் வெளியான ஆய்வு இது.

1953-க்குத் திரும்பிப் போகலாம்!

பிரிட்டனில் ஒரு வி.ஆர். படம் எடுத்தார்கள், பெயர் 'தி வேபேக்'. கதை நடக்கும் நாள் எது தெரியுமா? 1953 ஜூன் 2, எலிசபெத் ராணி முடிசூடிய நாள்! தெருவெங்கும் தோரணம், அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்து விருந்து. மறதிநோய் உள்ளவர் அந்தத் தெருக் கொண்டாட்டத்துக்கு நடுவே போய் நிற்கலாம்! மறதிநோய் உள்ளவர்களுக்காகவும், அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்களுக்காகவும் எடுக்கப்பட்ட படம்!

ஏன் 10 முதல் 30 வயது வரை?

பெரியவர்களைப் பழைய கதை சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்ததைத்தான் சொல்வார்கள்! அந்த வயதில் நடந்தவை மற்ற நினைவுகளைவிட அதிகமாகத் தங்குகின்றன என்பது உளவியலாளர்கள் பல முறை கண்ட உண்மை. பழையதைப் பேசுவது வீண்பேச்சு இல்லை, மனத்துக்கு நல்லது என்று ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963-லேயே எழுதிவிட்டார்! ஆகவே 80 வயதுக்காரருக்கு எதைக் காட்டலாம்? நேற்றுத் திறந்த வணிக வளாகத்தையா? அவர் இளமையில் திரிந்த இடத்தைக் காட்டுங்கள்!

மிதித்தால் பழைய தெரு வரும்!

ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் ஹெர்ட்ஸ் என்ற பொறியாளர் செய்ததைப் பாருங்கள்! நகராத ஒரு சைக்கிள், எதிரே வளைந்த பெரிய திரை. பெரியவர் மிதிக்க மிதிக்க, கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அவர் பிறந்து வளர்ந்த தெரு திரையில் ஓடும்! சைக்கிளின் பெயர் 'பைக்அரவுண்ட்'. காலுக்குப் பயிற்சி, நினைவுக்கும் பயிற்சி!

நமக்கு இது கிடைக்குமா? 2022 ஜூலையில் இந்தியாவின் 10 நகரங்களுக்கு ஸ்ட்ரீட் வியூ வந்தது, அதில் சென்னையும் ஒன்று! 'வாண்டர்' போன்ற செயலியில் இதே தெருப் படங்களை வி.ஆர். கண்ணாடிக்குள்ளும் பார்க்கலாம். தாத்தா சென்னையில் வேலை பார்த்தவரா? அவர் தினமும் நடந்த தெருவில் மறுபடி நிறுத்திவிடலாம்!

தேங்கிய தண்ணீர் குழியாகத் தெரியும்!

இப்போது கண்ணாடியை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்! அல்சைமர்ஸ் ரிசர்ச் யு.கே. அமைப்பு 2016-இல் வெளியிட்ட செயலி, மறதிநோய் உள்ளவரின் கண்ணால் உங்களைப் பார்க்கவைக்கிறது. கடையில் காசு எண்ண முடியாது, தெருவில் வழி பிடிபடாது, தரையில் தேங்கிய தண்ணீர் பெரிய குழியாகத் தெரியும்! "ஏன் நடுவழியில் நின்று அடம்பிடிக்கிறார்?" என்ற கேள்விக்கு ஒரு நொடியில் பதில் கிடைத்துவிடும்! ஆஸ்திரேலியாவிலும் பராமரிப்பாளர்களுக்கு 'ஈடி' என்ற பெயரில் இப்படி ஒரு வி.ஆர். பயிற்சி நடக்கிறது. கோபம் இருந்த இடத்துக்குப் பொறுமை வருகிறது!

2 நிமிட விளையாட்டு, 5 மணி நேர ஆய்வு!

மறதிநோய் ஆய்வுக்காக 2016-இல் வந்த 'ஸீ ஹீரோ குவெஸ்ட்' செல்போன் விளையாட்டு தெரியுமா? படகை ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். இதை 2 நிமிடம் விளையாடினால், ஆய்வகத்தில் 5 மணி நேரம் திரட்ட வேண்டிய தகவல் விஞ்ஞானிகளுக்குக் கிடைத்துவிடும்! விளையாடியவர்கள் 40 லட்சத்துக்கும் மேல்! மறுவருடமே வி.ஆர். வடிவமும் வந்தது. கிடைத்த ஒரு முடிவைக் கேளுங்கள்: 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேரைப் பார்த்ததில், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கே வழி கண்டுபிடிக்கும் திறன் பொதுவாக அதிகம்!

நோபல் பரிசிலிருந்து வி.ஆர். கண்ணாடிக்கு!

மூளைக்குள்ளேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது தெரியுமா? அதைக் கண்டுபிடித்ததற்காக ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு! அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, இந்த வழிகாட்டி இருக்கும் பகுதி! கேம்பிரிட்ஜில் டென்னிஸ் சான் குழுவினர், லேசான நினைவுக் குறைவு உள்ள 45 பேருக்கு வி.ஆர். மாட்டி, கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரச் சொன்னார்கள். ஆரம்பகால அல்சைமரைப் பிரித்துக்காட்டுவதில், வழக்கமான காகிதப் பென்சில் சோதனைகளை இது முந்திவிட்டது!

காடு சிலரைப் பயமுறுத்தியது!

எல்லாருக்கும் எல்லாம் பிடிக்குமா? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் பெரிய திரையில் ஒரு காட்டை உருவாக்கி, மறதிநோய் உள்ள 10 பேருக்குக் காட்டினார்கள். மகிழ்ச்சி கூடியது, சுறுசுறுப்புக் கூடியது. ஆனால் பயமும் பதற்றமும்கூட எதிர்பார்த்ததைவிட அதிகம்! ஆகவே எதைக் காட்டுவது என்பதைக் கருவி முடிவு செய்யக்கூடாது. அவரை அறிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்!

மாட்டுவதற்கு முன் இதெல்லாம் தெரியுமா?

• முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு வந்தவர் என்றால் கட்டாயம் கேளுங்கள்!

• நிற்கவைத்து மாட்டவே கூடாது. கைப்பிடி உள்ள, நகராத நாற்காலிதான் பாதுகாப்பு!

• "இப்போது கடல் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு மாட்டுங்கள். பின்னாலிருந்து திடீரென மாட்டினால் பதறிப்போவார்!

• முதல் நாள் 3 நிமிடம், 5 நிமிடம் போதும். பிறகு மெல்லக் கூட்டலாம்.

• உயரமான இடம், வேகமான வண்டி, இருட்டு எல்லாம் வேண்டாம். உடம்பு அசையாமல் காட்சி மட்டும் ஓடினால் தலைசுற்றல் வரும்!

• மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

• கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். முகம் சுளித்தாலோ, கை கருவியை நோக்கிப் போனாலோ உடனே கழற்றிவிடுங்கள்!

நோயைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது! வி.ஆர். மருந்து அல்ல, போன நினைவை அது மீட்டுத் தராது. ஆனால் நோய் வராமல் பார்த்துக்கொள்ளவோ தள்ளிப்போடவோ வழி உண்டா? உண்டு! செவித்திறன் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை என 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது 2024 லான்செட் குழுவின் அறிக்கை!

நோய் வந்துவிட்டவருக்கு? அவருக்கும் இன்றைய பொழுது இருக்கிறது, அது நல்ல பொழுதாக இருக்க வேண்டும்! கருவி வாங்கும் முன் காசு செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். இன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஊரைப் பார்க்கணும்னு ஆசை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஊரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணம் அங்கேதான்!