சங்கிலி எதற்கு?

வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டரைச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதே கைப்பழக்கத்தோடு ஆய்வகத்துக்குள் போனால் வம்புதான். சமையல் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சில மடங்குதான். ஆய்வகத்து நைட்ரஜன் சிலிண்டரிலோ ஏறத்தாழ 150 மடங்கு. 47 லிட்டர் உருளைக்குள் 7 கனமீட்டர் வாயு திணிக்கப்பட்டிருக்கிறது.

எஃகு உடம்பு எளிதில் உடையாது. பலவீனம் கழுத்தில். சிலிண்டர் சாய்ந்து, பித்தளை வால்வு மேசை விளிம்பில் மோதி முறிந்தால், உள்ளிருக்கும் வாயு ஒரே திசையில் சீறும். 50 கிலோவுக்கு மேல் கனக்கும் உருளை எதிர்த்திசையில் பாயும். வாய் கட்டாத பலூன் கதைதான், ஆனால் இந்தப் பலூன் செங்கல் சுவரையும் துளைக்கும். அதனால்தான் சுவரோடு சங்கிலி, அதுவும் பாதி உயரத்துக்கு மேலே. நகர்த்த வேண்டுமென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி திருகி, டிராலியில் ஏற்ற வேண்டும்.

ஆக்சிஜன் சிலிண்டர் இன்னொரு ரகம். வால்வு இறுகியிருக்கிறதே என்று ஒரு சொட்டு எண்ணெய் விட நம் கை துறுதுறுக்கும். விடவே கூடாது. வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் பாயும் வாயு நொடியில் அமுங்கிச் சூடேறும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவது இப்படித்தான். அழுத்தப்பட்ட ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீசும் அப்படியே பற்றிக்கொள்ளும். மெதுவாக, ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல், ஒதுங்கி நின்று திறப்பதே முறை.

நைட்ரஜன் எரியாது, மணக்காது, விஷமும் இல்லை. என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனை ஓரம்கட்டிவிடும். நமக்கு மூச்சுமுட்டலை உணர்த்துவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜனைச் சுவாசித்தாலும் அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே திணறல் எதுவும் இல்லாமலே ஆள் சுருண்டு விழுவார். இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழ் கிளம்புகிறதா என்று பார்க்கும் ஒரு நிமிட வேலையைச் சலிப்பென்று தள்ளக் கூடாது.

நிறத்தையும் முழுக்க நம்ப முடியாது. இந்தியாவில் கறுப்பு உருளை ஆக்சிஜனுக்கு. அமெரிக்க மருத்துவமனைகளில் கறுப்பு என்றால் நைட்ரஜன். ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டே சாட்சி. அது கிழிந்துபோன சிலிண்டரை மாட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாமல், அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள்.